வெளிநாட்டார் தந்த தையல் மெஷின்

அந்த மெஷினைப் பார்க்காதையும் பிள்ளை. வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் முதல் கண் அங்கேதான் போகிறது. போர்வையால் மூடி, மேலே அயன் பெட்டியும் வைத்திருக்கிறேன். அப்படியும் கண்டுபிடித்து, "அன்ரி தைக்கிறனீங்களோ?" என்பார்கள். நான் தைக்கிறதில்லை. எனக்குத் தையல் வராது. கொன்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் நான் தைத்த தலையணை உறையை வகுப்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "இது உறையா, மீன் பிடிக்கிற வலையா?" என்று கேட்டவர். ஆனால் இங்கிலிஷில் என்னை வெல்ல ஆள் இல்லை. தெரியாத விஷயத்தில் நான் வாய் வைக்கமாட்டேன். தெரிந்ததில் விடவும் மாட்டேன்.

இரும். அந்தக் கதிரை வேண்டாம், அதற்குக் கால் ஆடும். தேத்தண்ணிக்குச் சீனி போட்டிருக்கிறேன். சுவிசில் வளர்ந்த பிள்ளைகள் சீனி என்றால் முகத்தைச் சுழிப்பீர்கள். பரவாயில்லை, ஒரு நாளைக்குத்தானே, குடியும்.

நீர் எதற்கு வந்தீர் என்று எனக்குத் தெரியும். போனிலேயே விளங்கிவிட்டது. அடுத்த மாதம் ஒரு பெரிய அம்மையார் வெளிநாட்டிலிருந்து வருகிறார், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைச் சந்திக்கப் போகிறார், கண்ணால் கண்ட சாட்சிகள் வேண்டும். அதுதானே? தாய்மார் வேண்டாம் என்று நீர் வாயால் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு. ஆனாலும் அப்படித்தான் கேட்டது. பெற்றவள் என்ன கண்டாள், பெற்றதைத் தவிர?

கண்ட சாட்சி என் மருமகள் நிரோஜினிதான். அவள் இங்கே இல்லை. வவுனியாவில், தாய் வீட்டில் இருக்கிறாள். ஏன் போனாள் என்று கேட்கப் போகிறீர். பொறும், சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதையும், எனக்குக் கோவை தவறிவிடும்.

என் மகன் மயூரதனுக்குக் கிளிநொச்சியில் வேலை, நீர்ப்பாசனத்தில் ஓவர்சியர். அங்கேயே இவளைப் பார்த்து விரும்பிவிட்டான். எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை, மயூரதனின் அப்பா உள்ளே பேப்பர் வாசிக்கிறார், வேண்டுமென்றால் கேட்டுப்பாரும். சண்டை இறுகினதும் இரண்டு பேரும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். அவன் இயக்கத்துக்குப் போன பிள்ளை இல்லை. கடைசி நேரத்தில் பதுங்குகுழி வெட்ட இழுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். எல்லாம் முடிந்து சனம் இந்தப் பக்கம் நடந்து வந்தபோது ஆமிக்காரன் ஒலிபெருக்கியில் சொன்னானாம், ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுகிறோம் என்று. என் பிள்ளை பொய் சொல்லிப் பழகாதவன். நான் வளர்த்த வளர்ப்பு அப்படி. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நடக்க, இவன் போய்ப் பதிந்தான்.

நிரோஜினி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னல் பக்கம் இருந்தானாம். இவள் ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாளாம். "பின்னேரம் வந்திடுவன், நீ அந்த மரத்தடியில நில்லு" என்றானாம். பஸ் போனது. அவள் மரத்தடியில் நின்றாள். பிறகு அவளையும் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்து விட்டபோது நேரே என்னிடம் வந்தாள். தாய் வீட்டுக்குப் போகவில்லை. "அவர் வந்தா இங்கைதான் வருவார் மாமி" என்றாள்.

அரசாங்கத்திடம் கேட்டால், அப்படி ஒருவரும் எங்களிடம் வரவில்லை என்கிறார்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னால் ஏற்றின பஸ்ஸை, ஓடவே இல்லை என்கிறார்கள். ஜெனீவாவில் மனித உரிமைக் கூட்டம் நடக்கிற ஒவ்வொரு முறையும் நாங்கள் டிவிக்கு முன்னால் இருப்போம். அரசாங்கத்தார் போய்க் கால அவகாசம் கேட்பார்கள், வெளிநாட்டார் கொடுப்பார்கள். எங்கள் காலத்தை எடுத்துத்தானே கொடுக்கிறார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? பிறகு கவலை தெரிவிப்பார்கள். முதலில் கவலை, அடுத்தமுறை ஆழ்ந்த கவலை, அதற்கடுத்த முறை மிகவும் ஆழ்ந்த கவலை. எவ்வளவு ஆழம் போனாலும் அடியில் ஒன்றும் இல்லை. உம்மைச் சொல்லவில்லை பிள்ளை. நீர் சம்பளத்துக்கு வேலை செய்கிறீர். குடியும், ஆறப்போகிறது.

நிரோஜினியின் பொட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில்தான் எல்லாம் வந்தது. கலியாணத்துக்கு நான் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தேன். உடுத்த உடையோடு முகாமிலிருந்து வந்தவள், அதை மட்டும் கொண்டுவந்திருந்தாள். எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. காலையில் குளித்துவிட்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியில் ஒன்று, வகிட்டில் ஒன்று வைப்பாள். ஸ்டிக்கர் பொட்டு இல்லை, குங்குமம். சின்னதாகவும் இல்லை, எதிர் வீட்டு மதிலுக்கு மேலாலும் தெரியும். தெருவில் சனம் கதைத்தது. நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரம் நான் அந்தப் பக்கம் போகவும் மாட்டேன். ஒருமுறை காய்ச்சலில் எழும்ப மாட்டாமல் கிடந்தாள். "மாமி, குங்குமம்" என்றாள். நானே தொட்டு வைத்துவிட்டேன். ஒரு கடமைதானே, செய்தேன். அன்றைக்கு முழுக்க என் விரலில் அந்த நிறம் இருந்தது. நான் கழுவவில்லை. ஏன் என்று கேட்காதையும், மறந்திருப்பேன்.

போன வருசம் ஒரு வெள்ளைக்காரப் பிரதிநிதி வந்தான். எந்த நாடு என்பது வேண்டாம், எல்லா நாடும் ஒரே தண்ணீர்ப் போத்தலைத்தான் குடிக்கிறது. இங்கே அவனைச் சந்திக்கவிருந்த பெண்களுக்குள் இங்கிலிஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் ஆயத்தம் எல்லாம் என் தலையில் விழுந்தது. நான் விரும்பித்தான் எடுத்தேன். எனக்குத் தெரியும், இப்படியான ஆட்களுக்கு முன்னால் எப்படி நிற்கவேண்டும் என்று. எங்கள் கொன்வென்டுக்குப் பரிசளிப்பு விழாவுக்கு ஆயர் வரும்போது சிஸ்டர் எங்களை எப்படிப் பழக்குவார் தெரியுமா? நிமிர்ந்து நில், கைகளை முன்னால் கோர், ஆயர் பேசும்போது குறுக்கே பேசாதே, மூக்கை உறிஞ்சாதே. இந்த விறாந்தையில் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்தி அதே மாதிரிப் பழக்கினேன்.

பழக்குகிறது லேசான வேலையா? இராசமலர் அக்கா என்று ஒருவர், மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிறார், மகனை வீட்டில் வைத்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வாயைத் திறந்தால் மகன் கால் முந்திப் பிறந்ததிலிருந்து தொடங்குவார். பிறகு அம்மைநோய், பிறகு அவனுக்கு நண்டுக் குழம்பு பிடிக்கும். பிடித்த இடத்துக்கு வந்து சேரும்முன் வெள்ளைக்காரன் பிளேன் ஏறிவிடுவான்.

"அக்கா, அவன் பிறந்தது வேண்டாம். பிடிச்சதை மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

"பிறக்காமலோ தங்கச்சி பிடிச்சவங்கள்?" என்றார்.

பாரும் வாயை. நிரோஜினி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அவள் நன்றாகச் சொல்லுவாள். அழாமல், பஸ்ஸின் நிறத்திலிருந்து எல்லாம் ஒழுங்காகச் சொல்லுவாள். எனக்கு அவளைப் பற்றித்தான் நம்பிக்கை. இவள் சொன்னால் அவன் கேட்பான், அவன் கேட்டால் அரசாங்கம் பதில் சொல்லவேண்டி வரும், அந்தப் பஸ் எங்கே போனது என்று. அதற்காகத்தான் பிள்ளை, நான் செய்தது எல்லாம் அதற்காகத்தான்.

சந்திப்பு நாள் காலையில் அறையிலிருந்து வருகிறாள், குங்குமப் பொட்டும் வகிட்டுக் குங்குமமுமாய், சந்தனக் கலர் சீலையும். கலியாண வீட்டுக்குப் போகிற கோலம்.

"என்ன நிரோஜினி இது? அவை வாறது கஷ்டப்பட்ட ஆக்களைப் பாக்க. உம்மைப் பாத்தா ஆர் இரங்குவினம்?"

"நான் சொல்லுறதைக் கேக்கட்டும் மாமி. முகத்தை ஏன் பாக்கினம்?"

"முகத்தைத்தான் பாப்பினம். எனக்குத் தெரியும். போய் அந்த வெள்ளைச் சீலையைக் கட்டும். தாலிக்கொடியைச் சட்டைக்குள்ள விடும். பொட்டையும் எடுத்துவிடும்."

சீலையை மாற்றினாள். கொடியை உள்ளே விட்டாள். பொட்டில் கை வைக்கவில்லை. நின்றாள். வெளியில் வான்காரன் ஹோன் அடிக்கிறான், மற்றப் பெண்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

"அது இருக்கட்டும் மாமி."

"ஒரு நாளைக்குத்தானே. வந்தவுடன திரும்பி வையும்" என்று லேஞ்சித் துணியை நனைத்து நானே துடைத்துவிட்டேன். நெற்றியையும் வகிட்டையும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுகிற மாதிரித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் கண்ணுக்குள் போய்விடும் என்று மூடுகிறாள் என்று நினைத்தேன். வேறென்ன நினைக்க? நேரம் போகிறது.

மண்டபத்தில் அவனுக்கு மொழிபெயர்க்கக் கொழும்பிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தாள். உயர்ந்த குதிச் சப்பாத்து, கழுத்தில் அட்டை. நான் இங்கிலிஷில் என்னை அறிமுகப்படுத்தினேன். "ரொம்ப நல்லதுங்க ஆன்ட்டி, நீங்க பின்னாடி உட்காருங்க" என்றாள். பின்னாடி! நான் பின்னால், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்குப் பக்கத்தில். பிறகு அவள் நடுவில் நின்று சத்தம் போட்டாள்.

"புருஷனை இழந்தவங்க இந்தப் பக்கம் வாங்க. காணாமப் போனவங்களைத் தேடுறவங்க அந்தப் பக்கம்."

நிரோஜினி தேடுகிற பக்கம்தான் நடந்தாள். கொழும்புக்காரி அவள் நெற்றியைப் பார்த்தாள், சீலையைப் பார்த்தாள். கையைப் பிடித்து, "நீங்க இங்கம்மா" என்று மற்றப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினாள். நிரோஜினி திரும்பி என்னைப் பார்த்தாள். இரும் என்று நான் கண்ணால் காட்டினேன். எந்தப் பக்கம் இருந்தால் என்ன, அவன் எல்லாரிடமும் வருவான்தானே? ஆயர் வந்து நிற்கிற நேரத்தில் கதிரை மாறி ஓடுகிறது ஒரு அழகா?

அவன் வந்தான். நல்ல உயரம், நல்ல முகம். பொய் சொல்லக்கூடாது, கண் கலங்கித்தான் இருந்தது. முதலில் புருஷன் இறந்த பக்கம்தான் வந்தான். நிரோஜினி எழும்பினாள். நான் பழக்கின மாதிரி நிமிர்ந்து, கை கோர்த்து, "என்ர அவர் சாகேல்லை. நான் பாக்க பஸ்ஸில ஏத்தினவை. யன்னல் பக்கம் இருந்தவர். அந்தப் பஸ் எங்கை போனது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

கொழும்புக்காரி தலையை ஒரு பக்கம் சாய்த்து அவள் முதுகைத் தடவினாள். அவனிடம் இங்கிலிஷில் சொன்னாள், கணவர் போரில் இறந்துவிட்டார், இவரால் இன்னும் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று.

எனக்குக் கேட்டது. அந்த மண்டபத்துப் பெண்களில் அது விளங்கினவள் நான் ஒருத்திதான். என்ன கேட்கிறீர்? எழும்பவில்லையா என்றா? எழும்பினேன். அரைவாசி எழும்பினேன். அதற்குள் அவன் இரண்டு கையையும் கூப்பி அவளுக்கு முன்னால் குனிந்துவிட்டான். உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம் என்கிறான். விருந்தாளி கை கூப்பி நிற்கும்போது பின்வரிசையிலிருந்து கத்துகிறதா? எங்களுக்கு அப்படிப் பழக்கவில்லை. அவன் முடிக்கட்டும், பிறகு முறையாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் முடித்துவிட்டு, தைக்கத் தெரியுமா என்று கேட்டான். அதை மட்டும் கொழும்புக்காரி சரியாக மொழிபெயர்த்தாள். நிரோஜினிக்கு எதற்கென்று விளங்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுகிற பிள்ளை, தலையாட்டினாள். அவன் அடுத்த ஆளிடம் போனான்.

தேடுகிற பக்கம் அவன் வந்தபோது நேரம் இல்லை. இராசமலர் அக்கா அம்மைநோய் வரைக்கும் வந்தார். அதோடு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வான் வண்டியில் திரும்பும்போது நிரோஜினி கேட்டாள், "அவ என்ன மாமி சொன்னவ? அவர் ஏன் என்னைக் கும்பிட்டவர்?" ஒன்றுமில்லை, எல்லாரையும் அப்படித்தான் கும்பிடுவார்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும், "முடிஞ்சுதுதானே, இனி வையும்" என்று சிமிழை நானே எடுத்துக் கொடுத்தேன். "பிறகு வைக்கிறன் மாமி" என்றாள். சரி, களைப்பு என்று விட்டேன். அடுத்த நாளும் வைக்கவில்லை. நான் இரண்டொருமுறை சொன்னேன். பிறகு சொல்லவில்லை. கெஞ்ச முடியுமா?

கொஞ்ச நாளில் ஒரு லொறி வந்து வாசலில் நின்றது. இந்த மெஷின். போரில் கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவி. பக்கத்தில் அந்த நாட்டுக் கொடி ஒட்டியிருக்கிறது பாரும், போர்வையைத் தூக்கினால் தெரியும். தூக்காதையும். கொண்டுவந்தவர்கள் இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, ஒருக்கா மெஷினுக்குப் பக்கத்தில நில்லுங்கோ, ஒரு போட்டோ" என்றார்கள். நின்றாள். எடுத்தார்கள். பிறகு அவர்களிடம் கேட்டாள், "இதைத் தந்தவை, அவர் எங்கை எண்டு ஏதும் சொன்னவையோ?"

"அது வேற பிரிவு அக்கா" என்றான் ஒருவன். கெட்ட பெடியன் இல்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். சில்லுச் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த நாள் காலை பையோடு வந்து நின்றாள். "அம்மாவோட கொஞ்ச நாள் இருந்திட்டு வாறன் மாமி." போய்ட்டு வாரும் என்றேன். போனபிறகு பார்க்கிறேன், மெஷினுக்கு மேலே சிமிழ் இருக்கிறது. மறந்துவிட்டாள். அவசரத்தில் மறந்திருப்பாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்? மறக்கிறதுதானே. முகாமிலிருந்து கொண்டுவந்ததை ஏன் மறந்தாள் என்றா? அது எனக்கெப்படி...

இராசமலர் அக்கா வவுனியா பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டிருக்கிறார். வந்து சொன்னார், "தங்கச்சி, உன்ர மருமகள் வெறும் நெத்தியோட நிக்கிறாள்." எனக்கு வந்த கோபம்! யாருடைய நெற்றி அது? அவளுடைய நெற்றி மட்டுமா? அவள் வெறும் நெற்றியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் காண்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என் பிள்ளையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எங்களிடம் வேறென்ன இருந்தது, சொல்லும் பார்ப்போம்? அரசாங்கம் இல்லை என்கிறது. வெளிநாட்டான் அனுதாபம் சொல்லிவிட்டான். காலையில் இந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவள் வைக்கிற அந்த ஒரு பொட்டுத்தான் இருந்தது.

அடுத்த பஸ்ஸிலேயே போனேன். மரியாதையாகத்தான் இருந்தாள். கதிரை போட்டாள், தேத்தண்ணி தந்தாள், மாமா சுகமோ என்று கேட்டாள். நான் நேரே கேட்டேன், இது என்ன கோலம் என்று.

அவள் சத்தம் போடவில்லை. "பெத்த நீங்களே துடைச்சனீங்கள் மாமி. அவர் இருக்கிறார் எண்டு நினைக்கிற தாய்க்கு அதுக்குக் கை வருமோ? உங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்ல மனமில்லாமல் இருக்கிறீங்கள்" என்றாள்.

இது என்ன கதை? நான் என்ன, அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினவளா? "உங்களுக்கு எல்லாம் தெரியும் மாமி, எப்பவும் சொல்லுவீங்கள்தானே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அது எனக்கு விளங்கும். நம்பித்தான் சொன்னாள். நான் எழும்பி வந்துவிட்டேன். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. பஸ்ஸில் இருந்து யோசித்தால் ஆயிரம் பதில் வருகிறது.

சரி. உமக்கு அவள் வேண்டும், உம்முடைய அம்மையாருக்குச் சாட்சி வேண்டும். நான் கூப்பிட்டால் வரமாட்டாள். நீர் போய்க் கூப்பிடும். வெள்ளைச் சீலை வேண்டாம் என்று சொல்லும். அவளுக்கு விருப்பமானதைக் கட்டிக்கொண்டு வரட்டும். அந்த அம்மையாருக்குப் பக்கத்தில் யார் மொழிபெயர்த்தாலும் நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். ஒரு சொல் பிசகினாலும் கத்துவேன். ஆயர் இல்லை, யார் நின்றாலும் கத்துவேன்.

இதையும் கொண்டுபோம். பார்த்து, மூடி கொஞ்சம் இளக்கம். உள்ளே புதுக் குங்குமம். காற்றுப் பட்டால் கட்டி பிடித்துவிடும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாற்றி வைக்கிறேன். நான் தந்தேன் என்று சொல்லாதையும், வாங்கமாட்டாள். ஜெனீவாவிலிருந்து கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லும். என்ன சிரிக்கிறீர்? மெஷின் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதை அனுப்பத் தெரியாதா?

இல்லை. அதுவும் வேண்டாம். அவளுக்கு இந்தச் சிமிழைத் தெரியும். பொய் சொல்லி அகப்படுவானேன்?

இப்படிச் சொல்லும். நான் சொன்னதாகவே சொல்லும். மாமிக்கு ஒன்றும் தெரியாதாம் என்று சொல்லும். அவன் இருக்கிறானா இல்லையா, அந்தப் பஸ் எங்கே போனது, ஏன் துடைத்தேன், ஒன்றுமே தெரியாதாம். உன்னைவிட ஒரு மண்ணும் கூடத் தெரியாதாம். இதை அப்படியே சொல்லும் பிள்ளை. நீராக ஒன்றும் கூட்டாதையும், குறைக்காதையும்.